ஒரு பொருளுக்குப் பல பெயர்: லினக்ஸ் பொதிகளின் சார்புச் சிக்கல்

பிறர் துணையின்றித் தனித்து வாழவல்ல மனிதர் எவருமிலர். கணினியில் இயங்கும் மென்பொருளுக்கும் இக்கூற்று முற்றும் பொருந்தும். ஒரு மென்பொருள் இயங்க வேறொன்று வேண்டும். அது இயங்க மற்றொன்று வேண்டும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வேண்டி நிற்கும் நிலையையே 'சார்பு' என்று வழங்குகிறோம். சார்பு ஒழுங்காக அமைந்தால் கணினி அமைதியாகப் பணி செய்யும். குலைந்தாலோ, நேற்றுவரை நன்றாக இயங்கிய கணினி இன்று முகப்புத் திரையைக்கூடக் காட்டாது.

லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் கையாள்வோர் இத்தொல்லையை நன்கறிவர். பழைய கணினியைக் கழித்துவிட மனமின்றி, உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸை அதில் நிறுவி, மாணவர்க்குத் தமிழில் தட்டச்சு பழக்க விழையும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நண்பர் எழுதித் தந்த கட்டளையை அவர் எழுத்துப் பிசகாமல் உள்ளிடுகிறார். அப்பெயருடைய பொதி இல்லை என்று கணினி விடை தருகிறது. குறிப்பிலும் பிழையில்லை, ஆசிரியர் கையிலும் பிழையில்லை. குறிப்பு ஒரு வகை லினக்ஸுக்கு எழுதப்பட்டது. அவர் கணினியில் இருப்பதோ வேறொரு வகை. அடுத்து அவர் செய்யப்போவதைப் பொறுத்தே அக்கணினியின் நல்வாழ்வு அமைகிறது. ஆதலின் இச்சிக்கலின் காரணத்தையும் தீர்வையும் முறையாக ஆராய்வோம். பொதிகளின் பெயர்களும் கட்டளைகளும் கணினியில் உரோம எழுத்தில் வழங்குவன. ஈண்டு அவற்றின் ஒலியைத் தமிழெழுத்தில் தருகிறோம்.

லினக்ஸ் ஒன்றா, பலவா?

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே. உட்கருவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதங்கூட எழுத இயலாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகளையும், வேறு பலர் ஆக்கிய மென்பொருள்களையும் திரட்டி, உட்கருவோடு பொருத்தினால்தான் முழுமையான இயங்குதளம் கிடைக்கும். அவ்வாறு திரட்டிப் பொருத்தித் தரப்படும் தொகுப்புக்கு 'வழங்கல்' என்று பெயர். 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் என்னும் வழங்கலையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் என்னும் வழங்கலையும் தொடங்கினர். பின்னர் ரெட் ஹாட், சூசே, ஆர்ச், ஃபெடோரா, உபுண்டு எனப் பல தோன்றின.

வழங்கல் என்பது வெறும் மூட்டை அன்று. அஃது ஒரு கூட்டத்தாரின் வாக்குறுதி. "எங்கள் களஞ்சியத்திலுள்ள பொதிகள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குமாறு தேர்ந்து, தொகுத்து, சோதித்து வைத்துள்ளோம்" என்பதே அவ்வாக்குறுதியின் சாரம். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இன் களஞ்சியத்தில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. அத்தனையும் ஒருங்கே இணங்குமாறு காப்பவர்களுள் மிகப் பலர் ஊதியம் கருதாத தொண்டர்கள். இவ்வாக்குறுதி அந்தந்தக் களஞ்சியத்துக்கு உட்பட்டது என்பதை நினைவில் இருத்தினால், இனிச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

பொதியும் அதன் சார்பும்

தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையை லினக்ஸில் பெற 'ஐபஸ்-எம்17என்' என்னும் பொதியை நிறுவுதல் ஒரு வழி. இது தானாக ஒன்றும் செய்ய வல்லதன்று; இரு கரைகளை இணைக்கும் பாலம் போன்றது. ஒரு கரையில் ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகம் நிற்கிறது. மறு கரையில் ஜப்பான் நாட்டு ஆய்வு நிறுவனமான ஏஐஎஸ்டியில் உருவான எம்17என் நிரலகம் நிற்கிறது. பன்மொழியாக்கம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து எம், இறுதியெழுத்து என், இடையில் நிற்பன 17 எழுத்துகள், ஆகவே இப்பெயர். எந்த விசையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து தோன்ற வேண்டும் என்னும் அட்டவணையோ 'எம்17என்-டிபி' என்னும் வேறொரு பொதியில் உள்ளது. பாலத்திற்கு இரு கரையும் வேண்டும். நிரலகத்திற்கு அட்டவணை வேண்டும். இதுவே சார்புச் சங்கிலி.

எல்லாவற்றையும் ஒரே பொதியில் அடக்கிவிட்டால் என்ன என்று மாணவன் கேட்பான். நல்ல கேள்வியே. பல மென்பொருள்களுக்கும் பொதுவான பகுதியை நிரலகமாகத் தனியே வைத்தால், ஒரு படி எல்லாவற்றுக்கும் உதவும், இடம் மிச்சமாகும். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட கொடிய ஓட்டை வெளிப்பட்டது. பொது நிரலகத்தைப் பயன்படுத்திய கணினிகளில் அந்த ஒரு பொதியைப் புதுப்பித்து, அதனைச் சார்ந்த மென்பொருள்களை மீளத் தொடங்கியதுமே ஓட்டை அடைபட்டது. தத்தம் படியை உள்ளே வைத்திருந்த மென்பொருள்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

வழங்கலுக்கு வழங்கல் சார்புகள் ஒவ்வாமற்போவதற்குக் காரணம் நான்கு.

முதலாவது, பெயர். ஒரு தோட்டத்தில் தண்டல் என்று அழைக்கப்படுபவரை அடுத்த தோட்டத்தில் மண்டோர் என்பர். ஆள் செய்யும் வேலை ஒன்றே, அழைப்புத்தான் வேறு. லோகித் தமிழ் எழுத்துருவை டெபியன் 'ஃபான்ட்ஸ்-லோகித்-தமில்' என்று தன் முறைப்படி பெயரிட்டு வைக்கிறது. ஃபெடோராவோ அதனையே 'லோகித்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்கிறது. மேலே கூறிய எம்17என் நிரலகமும் டெபியனில் 'லிப்எம்17என்-0', ஃபெடோராவில் 'எம்17என்-லிப்'.

இரண்டாவது, பகுப்பு. ஒரு நிரலகத்தில் இயங்குவதற்கு வேண்டிய பகுதியும், அதனைக்கொண்டு புதிய மென்பொருள் ஆக்குவதற்கு வேண்டிய பகுதியும் உண்டு. ஆக்கப் பகுதியை டெபியன் 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' எனவும், ஃபெடோரா 'ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல்' எனவும் தனிப் பொதியாக்குகின்றன. ஆர்ச்சோ இரண்டையும் பிரிக்காமல் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் ஒரே பொதியில் அடக்கிவிடுகிறது. ஆகவே பெயரைப் பெயர்த்தால் மட்டும் போதாது. எதை எங்கே வெட்டினார்கள் என்பதையும் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, பதிப்பு. பகிர்வு நிரலகம் ஒவ்வொன்றுக்கும் அதன் இடைமுகத்தைக் குறிக்கும் எண்ணொன்று உண்டு. 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தபோது அவ்வெண் 1.1இலிருந்து 3 ஆயிற்று. அதற்கு முந்திய மாதம் வெளிவந்த டெபியன் 11 பழைய நிரலகத்தையும், 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 புதியதையும் கொண்டிருந்தன. பழையதை நம்பி ஆக்கப்பட்ட மென்பொருள்களை உபுண்டு 22.04இல் நிறுவ முயன்றோர் 'லிப்எஸ்எஸ்எல்1.1' இல்லை என்னும் விடையைப் பெற்றனர். ரெட் ஹாட் நிறுவனமோ தன் ஒன்பதாம் பதிப்பில், பழைய மென்பொருள்களுக்கென இணக்கப் பொதியொன்றைத் தனியே வைத்தது. ஒரே மாற்றத்தை இரு வீட்டார் இருவிதமாக எதிர்கொண்டமைக்கு இது சான்று.

நான்காவது, அடித்தளம். ஏறக்குறைய எல்லா மென்பொருளும் சி நிரலகத்தின்மேல் நிற்பது. டெபியன் 11இல் க்னூ சி நிரலகத்தின் 2.31ஆம் பதிப்பும், டெபியன் 12இல் 2.36ஆம் பதிப்பும் உள்ளன. பழையதன்மேல் ஆக்கியது பொதுவாகப் புதியதன்மேல் இயங்கும். புதியதன்மேல் ஆக்கியது பழையதன்மேல் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆல்பைன் வழங்கலிலோ க்னூ நிரலகத்திற்குப் பதிலாக 'மஸ்ல்' என்னும் வேறொன்று உள்ளது. கடைக்கால் வேறான வீட்டில் அடுத்த வீட்டுத் தூணைக் கொண்டுவந்து நட்டால் கூரை நிற்குமா?

பெட்டியை மாற்றினால் போதுமா?

டெபியன் குடும்பத்தில் 'டெப்' வகைப் பொதியும், ரெட் ஹாட் குடும்பத்தில் 'ஆர்பிஎம்' வகைப் பொதியும் வழங்குகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஏலியன் என்னும் கருவியும் உண்டு. மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்ததன்றோ எனின், தீராது. ஏன்?

டெபியன் பொதி, தனக்கு வேண்டிய நிரலகம் எந்தப் பொதியில் உள்ளது என்று ஆராய்ந்து, அப்பொதியின் பெயரையும் குறைந்த அளவு பதிப்பெண்ணையும் எழுதிவைக்கிறது. ஆர்பிஎம் பொதியோ பெரும்பாலும் நிரலகக் கோப்பின் பெயரையே தேவையாகக் குறிக்கிறது. அதனை அளிக்கும் பொதி எதுவாயினும் ஏற்கும். எழுதும் மொழியே வேறாதலின், பெட்டியை மாற்றும்போது உள்ளிருக்கும் தேவைப் பட்டியல் பொருளிழந்துவிடுகிறது. உள்ளே உள்ள நிரலோ, தான் ஆக்கப்பட்ட வழங்கலின் நிரலகங்களையே இன்னும் தேடி நிற்கிறது.

இவ்வேற்றுமையை நீக்க 2001இல் லினக்ஸ் பொதுத் தர அடிப்படை என்னும் விதித்தொகுப்பு வெளிவந்தது. அது ஆர்பிஎம் வகையைப் பொதுப் பொதியாகக் கொண்டது. எனினும் அதனைப் பின்பற்றி மென்பொருள் வழங்கியோர் மிகச் சிலரே. 2015இல் டெபியன் தன் ஆதரவின் பெரும்பகுதியைக் கைவிட்டது. மேலிருந்து வகுத்த ஒற்றுமை நடைமுறையில் வேரூன்றவில்லை.

தீர்ப்பான் செய்யும் வேலை

நிற்க. ஒரே வழங்கலுக்குள்ளேயும் சார்புகளைத் தீர்த்தல் எளிய வேலையன்று. தொடக்கத்தில் டிபிகேஜி, ஆர்பிஎம் ஆகிய கருவிகள் "இன்னது இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். அதனைத் தேடிக் கொணர்ந்தால் அதற்கு வேறொன்று வேண்டும் என்னும். இந்த அலைச்சலைப் பயனர்கள் 'சார்பு நரகம்' என்றே அழைத்தனர். 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் ஆப்ட் என்னும் கருவி வந்தது. வேண்டியவற்றைத் தானே கண்டறிந்து, களஞ்சியத்திலிருந்து வரவழைத்து, உரிய வரிசையில் நிறுவியது. ரெட் ஹாட் குடும்பத்தில் யம் என்னும் கருவி அவ்வேலையைச் செய்தது. 2015இல் வந்த ஃபெடோரா 22 முதல் டிஎன்எஃப் அதன் இடத்தைப் பெற்றது.

பள்ளியில் கால அட்டவணை வகுத்தவர் இவ்வேலையின் கடுமையை உடனே உணர்வர். கணக்கு ஆசிரியர் காலையில் மட்டுமே வருவார். ஒரே ஆசிரியர் இரு வகுப்பில் ஒரு நேரத்தில் நிற்க முடியாது. அறிவியல் அறை ஒன்றே உள்ளது. ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றொரு கட்டம் முரண்படும். பொதிகளிலும் இவ்வாறே. 'அ' என்னும் பொதிக்கு 'ஆ' அல்லது 'இ' வேண்டும். 'இ' இருந்தால் 'ஈ' இருத்தல் கூடாது. 'ஈ' இன்றி முகப்புத் திரை இயங்காது. எனவே 'ஆ'வைத் தேர்தலே வழி. இவ்வாறு இரு வழி பிரியும் இடங்கள் 20 இருப்பின், சேர்க்கைகள் 1,048,576 ஆகின்றன.

ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான ஈடிஓஎஸ் குழுவினர், ஒரு பொதி நிறுவத்தக்கதா என முடிவு செய்தல் கணினியியலின் மிகக் கடினமான கணக்கு வகையொன்றைச் சேர்ந்தது என்று 2006இல் நிறுவினர். 1971இல் ஸ்டீபன் குக் ஆராய்ந்த, ஏரணக் கூற்றொன்றை மெய்யாக்க வழியுண்டா என்னும் கணக்கிற்கு இஃது இணையானது. நல்வாய்ப்பாக, அக்கணக்கைத் தீர்க்கும் சிறந்த முறைகள் முன்னரே உருவாகியிருந்தன. 2008இல் ஓப்பன்சூசே 11.0 அம்முறையைத் தன் தீர்ப்பானில் கையாண்டது. அவ்வழி வந்த 'லிப்சால்வ்' நிரலகத்தையே டிஎன்எஃப் பயன்படுத்துகிறது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தீர்ப்பான் கணக்கைத்தான் அறியும். நம் கருத்தை அறியாது. 2021இல், கணினி பற்றிய காணொளிகளால் புகழ்பெற்ற லைனஸ் செபாஸ்டியன், பாப்!ஓஎஸ் என்னும் வழங்கலில் ஸ்டீம் என்னும் விளையாட்டுப் பொதியை நிறுவ முயன்றார். அச்சமயம் களஞ்சியத்திலிருந்த அப்பொதியின் சார்பு பிழைபட்டிருந்தது. முகப்புத் திரைப் பொதிகளை அகற்றினால் ஸ்டீமை நிறுவலாம் என்று தீர்ப்பான் கண்டது. எச்சரிக்கையும் தந்தது. சொன்னபடி செய் என்று அவர் உறுதிமொழியைத் தட்டினார். முகப்புத் திரை போயிற்று. அதன்பின் ஆப்ட் கருவியை ஆக்குவோர், இன்றியமையாப் பொதிகளை அகற்றும் தீர்வை அது தானே முன்வைக்காதவாறு விதியைக் கடுமையாக்கினர். கணக்கு சரியாக வந்தும் விடை தீங்காயிற்று என்பதே இதிலுள்ள பாடம்.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

முதலில், நம் கணினியிலுள்ள வழங்கல் எது, அதன் தாய் எது என அறிதல் வேண்டும். 'ஈடிசி' அடைவிலுள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' என்னும் கோப்பு இதனைத் தெரிவிக்கும். பல வழங்கல்களில் அதிலுள்ள 'ஐடி-லைக்' என்னும் வரி, எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் காட்டும்.

இரண்டாவதாக, பெயரைக் கேளாது பொருளைக் கேட்டல் வேண்டும். ஒரு கோப்பு இல்லை என்னும் பிழை வந்தால், அக்கோப்பை அளிக்கும் பொதி நம் களஞ்சியத்தில் எது என்று வினவலாம். டெபியன் குடும்பத்தில் 'ஆப்ட்-ஃபைல்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்', ஆர்ச்சில் 'பேக்மேன்' ஆகியன இதற்கு உதவும். நண்பர் குறிப்பிலுள்ள பெயர் வேறாயினும், கோப்பின் பெயர் பெரும்பாலும் மாறாது.

மூன்றாவதாக, சம்மதம் தருமுன் தீர்ப்பானின் திட்டத்தைப் படித்தல் வேண்டும். குறிப்பாக அகற்றப்படுவன எவை என்று பார்த்தல் வேண்டும். சிறிய எழுத்துரு ஒன்றை நிறுவ 40 பொதிகளை அகற்ற வேண்டும் என்றால், அத்தீர்வு நமக்கு வேண்டியதன்று.

நான்காவதாக, வற்புறுத்தல் கூடாது. சார்பைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் கட்டளைகள் உண்டு. மூன்றாம் பதிப்பு நிரலகத்திற்கு 1.1 என்னும் பழைய பெயரைச் சூட்டி மென்பொருளை ஏய்க்கும் வழக்கமும் உண்டு. பெயர் ஒத்தாலும் உள்ளிருப்பது ஒவ்வாதாகலின், மென்பொருள் தொடங்க மறுக்கும். அல்லது நடுவழியில் நிற்கும். இவை சிக்கலைத் தீர்ப்பன அல்ல; நம் கண்ணினின்று மறைப்பன. வேறு வழங்கலின் களஞ்சியத்தை நம் பட்டியலில் சேர்ப்பதும் இதனோடு ஒக்கும். சேர்த்த அன்று எல்லாம் நன்றாகவே தோன்றும். அடுத்த புதுப்பித்தலில்தான், இரு வீட்டாரும் தங்களுக்கேற்ற பதிப்பை வேண்டிப் பூசலிடுவர். அப்போது முதலில் சொன்ன வாக்குறுதி நமக்கு இல்லை.

ஐந்தாவதாக, நம் களஞ்சியத்தில் இல்லாதது இன்றியமையாததாயின், படிப்படியாக வழி தேடலாம். டெபியனில் 'பேக்போர்ட்ஸ்' என்னும் பகுதி, புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டிற்கேற்ப மீண்டும் ஆக்கித் தருகிறது. மூல நிரல் கிடைப்பின் நம் வழங்கலிலேயே ஆக்கிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருளின் அரும்பயன் அதுவே. அதுவும் இயலாதபோது, வேண்டிய நிரலகங்களோடு தனித்து வரும் ஃப்ளாட்பேக், ஸ்னாப் போன்ற முறைகள் உதவும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிய நிக்ஸ் முறை, ஒரே நிரலகத்தின் பல பதிப்புகளைத் தனித்தனி இடத்தில் முரணின்றி வைக்க வல்லது. ஆயின் இவற்றுக்கும் விலையுண்டு. வட்டில் இடம் மிகுதியாகத் தேவைப்படும். உள்ளே அடைத்த நிரலகத்தில் ஓட்டை காணப்பட்டால், அதனை அடைக்கும் பொறுப்பு வழங்கலாரிடமிருந்து அத்தொகுப்பை ஆக்கியவரிடம் சென்றுவிடும். அவர் பணியைக் கைவிட்டவராயின் ஓட்டை அப்படியே இருக்கும்.

தமிழில் எழுதுவோர்க்கு

இச்சிக்கல் பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் நம் கணினியில் அமைவதும் அமையாததும் இதனைப் பொறுத்தன. ஒரு பொதியின் பெயர் மாறியதற்காக ஆசிரியர் ஒருவர் தமிழ்த் தட்டச்சைக் கைவிட்டால், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அவ்வகுப்பு மாணவர் அனைவர்க்குமாம். ஒரே வழங்கலிலும் பெயர் மாறுவதுண்டு. 2038ஆம் ஆண்டிற்குப்பின் 32 துணுக்குக் கணினிகள் காலத்தைப் பிழையின்றிக் கணிக்க வேண்டும் என்னும் நோக்கால் நடந்த பெருமாற்றத்தில், உபுண்டு 22.04இல் 'லிப்எஸ்எஸ்எல்3' என்றிருந்த பொதி 24.04இல் 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆயிற்று. எனவே ஆண்டு குறிப்பிடாத வழிகாட்டி விரைவில் வழி தவறச் செய்யும்.

ஆதலின் தமிழில் கணினிக் குறிப்பு எழுதும் அன்பர்கள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். எப்பொருள் வேண்டும் என்பதை முதலில் எழுதுக. அதன்பின் டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகிய குடும்பங்களில் அதன் பெயர் எது என எழுதுக. எந்த வெளியீட்டில், எந்த ஆண்டில் சோதித்தீர் என்பதை இறுதியில் எழுதுக. படிப்போரும், கணினி மறுக்குமிடத்தில் வலிந்து நுழையாது, எப்பொருள் குறைகிறது என்று அதனிடமே வினவுக. அவ்வாறு செய்யின், ஒரு வழங்கலுக்கு எழுதிய குறிப்பு மற்றொரு வழங்கலாருக்கும் பயன்படும். பழைய கணினியும் நெடுநாள் தமிழ் எழுதும்.